கொண்டச்சிக்கு முதலில் போன பெட்டிகள்

மகள், மீனவர் சங்க மண்டபத்தில் நீ பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து எழும்பி நின்று கைதட்டிய ஒரே ஆள் நான்தான். நீ தண்ணீர் குடிக்கத்தான் நிறுத்தியிருக்கிறாய். போத்தல் மூடியைத் திறந்த கையோடு என்னைப் பார்த்தாய். உன்னோடு சேர்ந்து முழு மண்டபமும் பார்த்தது. நிற்கவும் வழியில்லை, இருக்கவும் வழியில்லை. தட்டின கையால் பெல்ட்டை இறுக்குகிறவன்போல நடித்துக்கொண்டு மெல்லக் கதிரையில் இறங்கினேன். அந்த நடிப்பும் எடுபடவில்லை. உன் பட்டமளிப்புக்குத் தைத்த காற்சட்டை அது. வயிறு அதற்குப் பிறகு வளர்ந்த வளர்ச்சியில் பெல்ட்டை இறுக்க இடமே இல்லை என்று பார்த்தவுடனே தெரியும். பின்வரிசையிலிருந்து வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான மரியதாஸ் சம்மாட்டியார், "இன்னும் கொஞ்சம் இருக்காம், பொறும்," என்றார். அன்றைக்கு நீ சொன்னதில் பாதியை ஊர் மறந்துவிட்டது. நான் கைதட்டினதை ஒருவரும் மறக்கவில்லை. ஐஸ் லொறியை நான் பின்னுக்கு எடுக்கும்போது பெடியள் ஒதுங்கி நின்று இப்போதும் கைதட்டுகிறார்கள்.

நாளை மறுநாள் நீ விமானம் ஏறுகிறாய். இங்கே செய்த அதே வேலையை, எங்கள் கரையைவிடப் பெரிய கரைகளுக்குச் செய்யப் போகிறாய். அங்கே இருந்து நீ எடுக்கிற நேரம் நான் என்ன கேட்பேன் என்று எனக்கே தெரியும். சாப்பிட்டியா, குளிரோ, என்ன கறி, அவ்வளவுதான். பிறகு போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். வாயால் பேசினால் நான் பகிடிதான் விடுகிறேன் என்று உன் அம்மா சொல்கிறாள். எழுதினால் மட்டும் என்ன, அதே வாய்தானே எழுதுகிறது. ஆனாலும் எழுதச் சொல்லி நாலு தாளும் பேனையும் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். ஐஸ் கொம்பனி வாசலில் லொறி ஏற்றுகிற நேரங்களில் எழுதுகிறேன். எழுத்து நனைந்திருந்தால் அது கண்ணீர் என்று நினைத்துவிடாதே, ஐஸ் தண்ணீர்.

உனக்குக் கணக்கு என்னிடமிருந்து வரவில்லை என்பது உலகத்துக்கே தெரியும். ஓ.எல். பரீட்சையில் மற்றப் பாடங்கள் ஒருமாதிரி இரங்கி என்னை விட்டுவிட்டன, கணக்கு மட்டும் கடைசிவரை விடவில்லை. அதனால்தான் சின்னனில் நீ லொறிக்குப் பக்கத்தில் நின்று ஐஸ் கணக்குச் சொல்லும்போது எனக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது. "அப்பா, இண்டைக்குக் காத்து இல்லை, வெயில் கூட, போய்ச்சேரேக்க ஆறில ஒண்டு உருகியிருக்கும்" என்பாய். நான் "பாப்பம்" என்று ஏறிப் போவேன். திரும்பி வந்ததும் முதல் கேள்வி அதுதான். சரியாக வந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாய். பிழைத்தால்தான் உனக்குச் சந்தோசம். "எங்க பிழைச்சது, எங்க பிழைச்சது" என்று சுற்றிச்சுற்றி வருவாய். ஒருநாள் கண்டுபிடித்துவிட்டாய்: அப்பா நறுவிலிக்குளத்தில் தேத்தண்ணிக்கு நிற்கிறார், அங்கே கடைக்காரனோடு வாயடித்தபடி நேரம் போகிறது. அடுத்த நாளிலிருந்து என் தேத்தண்ணியும் என் வாயும் உன் கணக்குக்குள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு நீ பிழைத்தது குறைவு. ஒரு மனுசனின் பலவீனத்தைக் கோபப்படாமல், திருத்தவும் போகாமல், எடுத்துக் கணக்கில் சேர்த்த பிள்ளையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

ஆட்கள் என்னிடம் உன் வேலை என்னவென்று கேட்டால் இப்போது இதைத்தான் சொல்கிறேன். ஒட்டிப் பரவுகிற வருத்தம் எந்தப் பாதையால் வரும், எவ்வளவு வந்து சேரும், வழியில் எந்த இடத்தில் என்ன செய்தால் உருகிப் போகும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்கிறாள் என்கிறேன். ஊசி மருந்து எல்லாருக்கும் ஒரே நாளில் வராது, வாறதை எங்கே முதலில் கொண்டுபோனால் ஆகக் கூடுதலான சனம் தப்பும் என்று சொல்கிறாள் என்கிறேன். விளங்கினவர்கள் தலையாட்டுகிறார்கள். விளங்காதவர்கள், "அப்ப ஊசி போடத் தெரியாதோ?" என்கிறார்கள். தெரியாதுதான். ஊசியைக் கண்டால் நீ மயங்குகிறவள் என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

உடம்பெல்லாம் சிவந்து எழும்புகிற சின்னமுத்து இந்த நாட்டை விட்டுப் போய்விட்டது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அது தெற்கே தலைகாட்டிக் கரையோரமாக எங்கள் பக்கம் ஏறி வருகிறது என்று கதை வந்த கிழமையில்தான், உன் தம்பியின் மகனுக்கு ஞானஸ்நானத்துக்கு நாள் வைத்தேன். குட்டிக்கு அப்போது நாலு மாதம். பேரன் பிறந்த சந்தோசப் புழுகத்தில் நான் பாதி ஊருக்குச் சொல்லிவிட்டேன். மற்றப் பாதி தானாகவே வரும் என்று தெரியும். ஆட்டுக்கும் சொல்லியாகிவிட்டது, ஆட்டுக்காரனுக்குத்தான், ஆட்டுக்கு இல்லை. எங்கள் வீடுகளில் ஞானஸ்நானம் என்றால் எப்படி என்று உனக்குத் தெரியும். கோயிலால் வந்த பிள்ளை பின்னேரம் வரைக்கும் நிலத்தில் படாது. கைமாறிக் கைமாறி எல்லாருடைய கொஞ்சலையும் வாங்கி, யாருடைய சட்டையிலோ ஒன்றுக்கிருந்துவிட்டுத்தான் தாயிடம் திரும்பி வரும். கொஞ்சாமல் போனவன் கோபத்தில் போகிறான் என்றுதான் அர்த்தம்.

பின்னேரங்களில் நீ வேலை செய்கிற கொழும்பிலிருந்து போன் எடுப்பாய். வீட்டுச் சுகம் கேட்கிறாய் என்று நினைத்து நானும் ஊர்க்கதை அளப்பேன். ஒருநாள் கேட்டாய், "அப்பா, கொண்டச்சிப் பக்கம் வாடியளில இப்ப எவ்வளவு சனம்?" வாடை பிறந்தால் எங்கள் கரைப் பெடியள் தெற்கே போய்க் கொட்டில் போட்டுத் தங்கித் தொழில் செய்கிற இடமல்லவா அது, கற்பிட்டிப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறவர்கள். நான் யோசிக்காமல் சொன்னேன், "ஆர் இருக்கினம்? விரல்விட்டு எண்ணலாம்."

"பதிவிலயும் அப்படித்தான் கிடக்கு. அப்ப நீங்கள் கிழமைக்கு எத்தினை லோட் ஐஸ் கொண்டுபோறீங்கள்?"

சொன்னேன்.

"விரல்விட்டு எண்ணுற சனம் அவ்வளவு ஐஸையும் என்னப்பா செய்யுது? குளிக்கினமோ?"

எத்தனை வருசமாக அந்தப் பாதையில் போய்வருகிறேன். ஐஸை இறக்குகிறேன், ஆட்களோடு பகிடி விடுகிறேன், திரும்பி வருகிறேன். அவர்களை நான் எண்ணியதே இல்லை. எங்கள் சனத்துக்குப் பெயர் ஓரிடத்தில் கிடக்கும், பாய் இன்னோரிடத்தில் கிடக்கும். மன்னார்த் தீவில் பதிந்தவன் கொண்டச்சியில் படுக்கிறான். மறிச்சுக்கட்டிக்குத் திரும்பி வந்து வீடு கட்டியிருக்கிற முஸ்லிம் ஆட்களில் சிலருக்குப் பதிவு இன்னும் புத்தளத்தில். யாரும் பொய் சொல்லவில்லை. சண்டைக் காலத்தில் ஓடின ஓட்டத்தில் பெயரை ஒரு பக்கம் விட்டுவிட்டு ஆள் ஒரு பக்கம் வந்ததுதான். பதிவை நம்பிக் கணக்குப் பார்த்தால் அந்தக் கரை வெறுங்கரை. நீ ஐஸை நம்பினாய். ஐஸ் எங்கே போகிறதோ அங்கே மீன், மீன் எங்கேயோ அங்கே சனம் என்று பிடித்துக்கொண்டு, லீவு போட்டு வந்து என் லொறியில் ஏறினாய். கதவு பூட்டாது என்று கயிற்றால் கட்டியிருந்தேனே, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாய்.

அந்த வாடியில் நடந்தது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஐஸ் வந்தது என்றதும் எல்லாக் கொட்டிலாலும் பெடியள் வெளியே வந்தார்கள். நான் நினைத்ததைவிடப் பலமடங்கு கூட்டம். நீ ஐஸ் பெட்டி ஒன்றின்மேல் இருந்துகொண்டு ஒவ்வொருவராக வயசு கேட்டாய், எங்கே பிறந்தது என்று கேட்டாய், சின்னனில் சின்னமுத்து ஊசி போட்டதோ என்று கேட்டாய். ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, நாங்கள் பிறந்த நேரம் மேலயிருந்து வேறை சாமான்தான் போட்டவங்கள்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். இன்னொருவன், "இவனுக்கு ஊசியெண்டால் பயம், அதுதான் சண்டையில பழியைப் போடுறான்" என்றான். அதற்கும் சிரித்தாய். திரும்பி வரும்போது நறுவிலிக்குளத்தில் நிறுத்தினேன். தேத்தண்ணி வந்தபிறகுதான் சொன்னாய், "அப்பா, ஓட்டை எங்கயெண்டு தெரிஞ்சிட்டுது. இடம்பெயர்ந்த காலத்தில பிறந்த பெடியள். அவங்களுக்கு ஊசி தவறிப்போச்சு. அவங்கள் எல்லாரும் இப்ப ஒரே இடத்தில வந்து படுத்திருக்கிறாங்கள்." பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "எங்கட தம்பியும் அதுக்குள்ளதான்" என்றாய். கையில் இருந்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தேன். உனக்கு மன்னார் ஆஸ்பத்திரியில் எல்லா ஊசியும் ஒழுங்காகப் போட்டது. தம்பி மடுவில் தறப்பாளுக்குக் கீழே பிறந்தவன். அவன் அந்த வருசம் முழுக்கப் பிழைத்துக் கிடந்ததே எங்களுக்குப் போதுமாக இருந்தது. ஊசியை யார் யோசித்தது?

இனி மண்டபத்துக்கு வருகிறேன். கைதட்டல் கதையைச் சொல்லியாகிவிட்டது, அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. முதல் வருகிற ஊசிப் பெட்டிகள் கொண்டச்சி, மறிச்சுக்கட்டிப் பக்கத்து வாடிகளுக்குப் போகும், எங்கள் ஊருக்கு அடுத்த முறைதான் என்று நீ சொன்னதும் மண்டபம் இரைந்தது. முடிவு எடுத்தது கொழும்புப் பெரியவர்கள், கணக்குத்தான் உன்னுடையது. ஊருக்கு அந்த வித்தியாசம் விளங்காது. ஊர் பெற்ற பிள்ளையாக எதிரில் நிற்கிறவள் நீதானே. மரியதாஸ் சம்மாட்டியார் எழும்பினார்.

"பிள்ளை, நீ எங்கட ஊர்ப் பிள்ளையோ கொண்டச்சிப் பிள்ளையோ? உனக்கு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி சொல்லித்தந்தது ஆர்? என்ர மனுசி."

"ஓம் அங்கிள். அன்ரி சொல்லித்தந்தபடியால்தான் பொய் சொல்லாமல் கதைக்கிறன்."

"அப்ப இதையும் சொல்லு. உன்ர தம்பி இப்ப எங்க? வாடியில. அதுதானே அக்கா அங்க அனுப்புறா!"

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எழும்பப் பார்த்தேன். ஏற்கெனவே ஒருமுறை எழும்பின ஆள் என்பதால் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நீ கோபப்படவில்லை. "ஓம், தம்பி அங்கதான். அவனுக்கு ஊசி போடேல்ல. அவனைப்போல போடாத ஆக்கள் எல்லாரும் அங்கதான் அங்கிள். அதுதான் அங்க அனுப்புறம்" என்றாய். 

அப்போதுதான் டிலானி எழும்பினாள். உன் தம்பி பெண்சாதி சபையில் வாய் திறந்து நான் கண்டதில்லை. குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "மச்சாள், என்ர பிள்ளைக்கு எப்ப?" என்று மட்டும் கேட்டாள். நீ அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொன்னாய், "அவனுக்கு இப்ப போடேலாது டிலானி, அந்த வயசு இன்னும் வரேல்ல. அவனுக்குக் கிட்ட வாற ஆக்களுக்குத்தான் போடலாம்."

"கிட்ட வாறது நாங்கள்தானே. அப்ப எங்களுக்குப் போடுங்கோவன்."

நியாயமான கேள்வி. நானும் மனதுக்குள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ மேடையை விட்டு இறங்கி வந்தாய். "போன கிழமை கொண்டச்சிப் பக்கம் போய்வந்த ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்றாய். மீன் லொறிக்காரர், கருவாட்டு யாவாரிகள், வலை கொண்டுபோனவர்கள், தூக்கினார்கள். நானும் தூக்கினேன். "கையை இறக்கவேண்டாம். இப்ப அவையோட ஒரே வீட்டில இருக்கிற ஆக்களும் தூக்குங்கோ." பெண்கள் தூக்கினார்கள், அம்மா தூக்கினாள், டிலானி குட்டியை ஒரு கைக்கு மாற்றிவிட்டு மற்றக் கையைத் தூக்கினாள். "அவையோட ஒரு வள்ளத்தில, ஒரு வகுப்பில, கோயில்ல ஒரு வாங்கில இருக்கிற ஆக்கள்?" மண்டபத்தில் தூக்காத கை இல்லை. மரியதாஸ் சம்மாட்டியார்கூடச் சுற்றிப் பார்த்துவிட்டு மெல்லத் தூக்கினார். நீ சொன்னாய், "இங்க கன பேருக்குச் சின்னனில போட்டிருக்கு. வருத்தம் இஞ்ச இருந்து துவங்காது. அங்க இருந்து இந்தக் கையள் வழியாத்தான் வரும். அங்கயே மறிச்சால் குட்டியிட்ட வாற வழி குறையும். முதல்ல இங்க போட்டால் அது அங்க பெருகிப்போட்டு, பிறகு எல்லா வழியாலயும் வரும். எங்கட ஊருக்கு நல்லதெண்டு பார்த்தாலும் எனக்கு இதுதான் வருது. வேற மாதிரி வருமோ எண்டு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தனான்." மகள், அந்த இடத்தில் கைதட்டியிருக்கவேண்டும். ஆனால் எனக்குத் துணிவு வரவில்லை, கையும் மேலே தூக்கியபடி நின்றது.

ஞானஸ்நான விருந்தைத் தள்ளிவை என்று நீ கேட்டபோது இரண்டு நாள் நான் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அது உனக்குத் தெரியும், ஏன் என்று சொல்லத் தேவையில்லை. பாதி ஊருக்குச் சொன்னவன் பாதி ஊருக்கும் போய் வரவேண்டாம் என்று சொல்கிறது என்ன லேசா? "உம்மட மகள் ஊசியையும் தரமாட்டா, கறியையும் தரமாட்டாவோ?" என்று கேட்டார்கள். உனக்கு மனதார நன்றி சொன்னது அந்த ஆடு ஒன்றுதான். கடைசியில் சுவாமியும், ஞானப்பெற்றோரும், நாங்களும் மட்டும் கோயிலில் நின்றோம். குட்டியின் தகப்பன் ஊசி போட்டு அது உடம்பில் பிடிக்கும்வரை வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று நீ சொல்லிவிட்டாய். அவன் வாடியில் ஒரு மேட்டில் ஏறி நின்று, போனில் மகனின் தலையில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தான். போனைப் பிடித்திருந்தவன் நான். பிள்ளையின் தலைக்குப் பதிலாக நிறைய நேரம் சுவாமியின் முழங்கையைத்தான் காட்டியிருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது. டிலானி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாடிகளுக்குப் பெட்டிகள் போன முதல் நாள் உன் கணக்குப் பிழைத்தது. காலையில் ஆட்கள் இருப்பார்கள் என்று கணக்கு. சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. ஐயாவும் தாதிமாரும் போய்ப் பார்த்தால் பாதி கடலில், மீதி கொட்டிலுக்குள் போர்த்துக்கொண்டு நித்திரை. நீ அன்று பின்னேரம் போன் எடுத்தபோது குரலைக் கேட்டு நான் ஏதோ நல்ல செய்தி என்று நினைத்தேன். "அப்பா, பிழைச்சிட்டுது!" என்றாய். அடுத்த நாளிலிருந்து ஊசி வாகனம் என் லொறிக்குப் பின்னால் வந்தது. ஐஸ் வந்தால் எந்த நித்திரைக்காரனும் எழும்பி வருவான் என்பதை நீ அன்று எங்கள் லொறியில் வந்தபோதே கண்டுவைத்திருக்கிறாய். முன்னால் நான், பின்னால் அரசாங்க வாகனம். வழியில் ஆட்கள் யாரோ பெரிய மந்திரி போகிறார் என்று ஒதுங்கினார்கள். நான் கண்ணாடியை இறக்கிக் கையைக் காட்டிக்கொண்டே போனேன். உன் தம்பி வரிசையில் முன்னால் நின்றான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று கடைசி ஆளாய் நின்று போட்டான். அதை அவன் உனக்குச் சொல்லியிருக்கமாட்டான்.

அதற்குப் பிறகுதான், எங்கள் ஊருக்கு இன்னும் பெட்டி வராத அந்த இடைவெளியில், குட்டிக்குக் காய்ச்சல் வந்தது. சொல்லிவைத்ததுபோல மத்தியானத்தில் ஏறத் தொடங்கியது. லொறியிலேயே ஏற்றிக்கொண்டு மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளை நோயாளர் பக்கத்து வாங்கில் நானும் டிலானியும் இருந்தோம். ஊரில் வருகிற காய்ச்சல் எல்லாம் சின்னமுத்தா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். ஆனால் கையில் வைத்திருக்கிற பிள்ளை கொதிக்கும்போது கணக்கு எங்கே ஏறுகிறது? உனக்கு எடுத்தேன். நீ அழவில்லை, பதறவில்லை. கண் சிவப்போ, மூக்கு ஓடுதோ, முகத்தில் ஏதும் எழும்பியிருக்கோ என்று கேட்டாய். நான் சொன்னேன். பிறகு மெல்லச் சொன்னாய்.

"அப்பா, என்ர கணக்குச் சரியெண்டாலும் அவனுக்கு வரலாம்."

"என்ன சொல்லுறாய்?"

"கணக்கு ஊருக்குத்தான் அப்பா. எவ்வளவு பிள்ளையள் தப்புங்கள் எண்டு சொல்லலாம். எந்தப் பிள்ளையெண்டு சொல்லேலாது. அவனுக்கெண்டு வாக்குக் குடுக்க என்னட்ட ஒண்டும் இல்லை."

"அது தெரிஞ்சுகொண்டோ செய்தனீ?"

"ஓம். தெரிஞ்சுகொண்டுதான்." பிறகு, சின்னக் குரலில், "என்னில கோவமோ அப்பா?"

நான் "சிக்னல் சரியில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. கோபம் இல்லை, மகள். சொந்த மருமகனின் பெயரைக்கூடத் தனியாக எடுத்துவைக்காமல் எல்லாப் பிள்ளையோடும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறதுக்கு என்ன நெஞ்சு வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நீ அப்படிச் செய்தது இரக்கம் இல்லாமல் இல்லை. கொழும்பில் அறைக்குள் தனியாக இருந்துகொண்டு அதைச் செய்தாய்.

பின்னேரம் டொக்டர் பிள்ளை வந்து பார்த்துவிட்டு, காதுக்குள் கிருமி, மருந்து எழுதித்தாறன் என்றார். டிலானி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, காது! காதுதானாம்!" என்று அழுதழுது சிரித்தாள். காது வலிக்கு இப்படிச் சந்தோசப்பட்ட குடும்பத்தை அந்த ஆஸ்பத்திரி கண்டிருக்காது. அவள் உனக்குத்தான் முதலில் எடுத்தாள், தம்பிக்கு இல்லை. நீங்கள் இரண்டு பேரும் என்ன கதைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவள் குட்டியின் படம் எடுத்தால் முதலில் உனக்கு வருகிறதா இல்லையா?

வாடிகளில் சிலருக்கு வந்தது, உனக்குத் தெரியும். கண் சிவந்து, உடம்பெல்லாம் எழும்பிப் படுத்துக் கிடந்தார்கள். ஆனால் அது பரவ ஆள் கிடைக்காமல் அங்கேயே தேய்ந்துபோனது. வாடிப் பக்கத்தையும் எங்களையும் பிரிக்கிற பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வீட்டில் வந்ததாகக் கேள்வி, அதோடு சரி. எங்கள் ஊருக்குப் பெட்டி வந்து எல்லாரும் கையை நீட்டிய நாளில் மரியதாஸ் சம்மாட்டியார் என்னிடம் வந்து, "பாத்தீரோ, வருத்தம் வரவே இல்லை. வீணா ஒரு விருந்தைக் கெடுத்தீர்" என்றார். நான் அதை உனக்குச் சொன்னபோது நீ சிரித்துவிட்டு, "நாங்கள் அப்படிச் செய்யாட்டி என்ன நடந்திருக்கும் எண்டு ஆருக்கும் காட்டேலாது அப்பா. எனக்கும் தெரியாது. இப்படித்தான் இருந்திருக்குமெண்டு கணக்குச் சொல்லுது, அவ்வளவுதான்" என்றாய். நடக்காமல் போன ஒன்றுக்கு யார் வந்து மாலை போடுவார்கள்? அங்கே போனாலும் இப்படித்தான் இருக்கும். மாலை எதிர்பார்க்காதே. அங்கேயும் பதிவில் இல்லாத சனம் எங்கேயாவது படுத்திருக்கும். அந்த நாட்டில் ஐஸ் லொறி இல்லாவிட்டால் பாண் வண்டி இருக்கும், மண்ணெண்ணெய் வண்டி இருக்கும், அதன் பின்னால் போ. சாரதியோடு கதை, ஆனால் அவன் சொல்கிற எண்ணிக்கையை நம்பாதே, எங்களுக்கு எண்ணத் தெரியாது. சபையில் உன்னைப் பேசுகிறவனுக்குக் கோபமில்லாமல் பதில் சொல், அன்று சொன்னதைப்போல. கணக்குப் பிழைத்தால் சந்தோசப்படுகிற பழக்கத்தை விட்டுவிடாதே. பெரிய ஆளான பிறகு ஆட்கள் முதலில் விடுகிறது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய ஆளாக இருந்து பார்க்காததால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

லொறி நிரம்பிவிட்டது, கூப்பிடுகிறார்கள். ஆஸ்பத்திரி வாங்கில் நடந்த ஒன்று மிச்சம் இருக்கிறது. டொக்டர் வருவதற்கு முன்னால், காய்ச்சல் என்னவென்று தெரியாத நேரம், எங்களுக்குப் பக்கத்தில் மறிச்சுக்கட்டிப் பெண் ஒருத்தி வந்து இருந்தாள். மூத்தவனின் காலுக்கு மருந்து கட்ட வந்தவள். மடியில் ஒரு பெண்குழந்தை, எங்கள் குட்டியின் வயசுதான் இருக்கும், சுகமாக விரல் சூப்பிக்கொண்டிருந்தது. "ஐயா, புள்ளைக்கு என்ன?" என்று கேட்டாள். காய்ச்சல் என்றேன். "பயப்படாதீங்க, அல்லாஹ் காப்பான்" என்றாள். பிறகு தானாகவே சொன்னாள். "எங்கட பக்கம் எல்லாருக்கும் ஊசி போட்டாச்சு. இவட வாப்பாவுக்கும் போட்டாச்சு. எங்களை எப்பவும் கடைசியிலதான் நினைப்பாங்க. இந்த முறை கொழும்பில ஒரு பொம்புளப் புள்ளையாம், இவங்களுக்குத்தான் முதல்ல குடுக்கணும் எண்டு நிண்டு குடுக்க வச்சதாம். ஆர் பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்." உன்னைப்பற்றிக் கேட்காதவனையும் மறித்து வைத்துச் சொல்கிற வாய் என்னுடையது. ஐஸ் வாங்க வந்தவனுக்குச் சொல்லியிருக்கிறேன், பாதை கேட்டவனுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு மனுசி தன் பிள்ளையை அணைத்துக்கொண்டு, ஆர் பெத்த பிள்ளை என்று தானாகவே கேட்டாள். என் பக்கத்தில் டிலானி கண்ணை மூடிக்கொண்டு செபம் சொல்லிக்கொண்டிருந்தாள், குட்டி என் மடியில் நெருப்பாய்க் கிடந்தான். நான் அவனுடைய நெற்றித் துணியை எடுத்து மறுபக்கம் திருப்பிப் போட்டேன். நான் பெத்த பிள்ளை, தங்கச்சி, என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.